செப்பு அண்டாவில் கடல்

1973 செப்டம்பர் முதல் தேதி, சனிக்கிழமை. பள்ளி விடுமுறை. அப்பா நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்து, இட்லி சாப்பிட்டு, நெற்றியில் பூசிய திருநீறு காய்வதற்குள் கடைச் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். அம்மா ஆட்டுக்கல்லுக்கு முன்னால் உட்கார்ந்தாள். எனக்குப் பதினொரு வயது. காலையில் என் முதல் வேலை மீன் தொட்டி. ஒரு சொம்பு பழைய தண்ணீரை மொண்டு வெளியே ஊற்ற வேண்டும். அதே அளவு கடல்நீரை அண்டாவிலிருந்து எடுத்துத் தொட்டியில் சேர்க்க வேண்டும். ஊற்றும்போது மணல் கலங்கக் கூடாது. நான் ஒருநாளும் கலங்க விட்டதில்லை.

அன்று சொம்போடு குனிந்தபோது, சங்கு நண்டுகள் எல்லாம் சங்குக்கு வெளியே கிடந்தன. அந்த நண்டு காலி சங்குக்குள் உடம்பைச் செருகிக்கொண்டு, அதை முதுகில் சுமந்தே வாழ்வது. வேறு நல்ல சங்கு கிடைத்தாலொழிய வெளியே வராது. இவை வந்திருந்தன. உரித்த வேர்க்கடலை போல வெளுத்து, மணலில் ஒருக்களித்துக் கிடந்தன. தொட்டியில் உயிரோடு மிச்சமிருந்தது ஒரே ஒரு மீன்.

தொட்டி வந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து தி. நகரில் குடியேறியவர்கள். உஸ்மான் ரோட்டில் அப்பாவின் பாத்திரக் கடை. அதற்குப் பின்தெருவில் மாடி வீடு. அம்மாவின் தம்பி, என் மாமா, தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலையாக இருந்தார். அந்த மே மாதம் அவர் ரயிலில் வந்தபோது ஒரு கண்ணாடித் தொட்டியும், காற்றுக்குமிழி விடும் சின்ன மோட்டாரும், பால் கேன் நிறையக் கடலும் கொண்டுவந்தார். கேனுக்குள் தீவுப் பக்கத்துப் பவளப்பாறைக் கல் ஒன்று. கல்லின் மேல் விரல்களை விரித்தும் மூடியும் ஆடுகிற கடல் சாமந்தி. ஒரு நட்சத்திர மீன், சங்கு நண்டுகள், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள்.

அப்பாவுக்கு முதலில் பிடிக்கவில்லை. “கொழம்புக்கு மீன் வாங்குதோம், சரி. வேடிக்கைக்கும் வாங்கணுமாக்கும்?” என்றார். ஜூன் கடைசியில் கடையைப் பூட்டிவிட்டு வந்ததும் சட்டையைக் கழற்றாமல் தொட்டிக்கு முன்னால் உட்காரத் தொடங்கினார். ஆடிப்பெருக்கன்று, கடையில் கண்ணாடி அலமாரிக்குள் இருந்த செப்பு அண்டாவை ஆள் தலையில் வைத்து வீட்டுக்கு அனுப்பினார். அதுவரை மீன்காரம்மா வாராவாரம் கொண்டுவரும் கடல்நீர் அலுமினியக் குடத்திலேயே இருந்தது. அலுமினியம் அப்பாவின் கண்ணில் பாத்திரமே இல்லை. பிளாஸ்டிக் வாளிக்கு எங்கள் வீட்டுப் படியேற அனுமதி கிடையாது. “சமுத்திரத்துத் தண்ணிய அலுமினியத்துலயா வைக்கது? செம்புல வச்சா அதுக்கும் ஆயுசு கூடும்” என்றார். அம்மா அந்த அண்டாவின் வெளிப்பக்கத்தை வெள்ளிக்கிழமைதோறும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்தாள்.

ஆகஸ்டில் ஒவ்வொன்றாகச் சாகத் தொடங்கின. முதலில் கடல் சாமந்தி சுருங்கி, சளிபோலக் கல்லை விட்டு வழிந்தது. பிறகு நட்சத்திர மீன். பிறகு பட்டை மீன்களில் ஒன்று. அவரவருக்கு ஒரு காரணம் இருந்தது. அப்பா மின்வெட்டைச் சொன்னார். அம்மா எதிர்வீட்டுக் கண்ணைச் சொன்னாள். நான் இரை போட்டதில் கூடுதல் குறைச்சல் இருந்ததோ என்று பார்த்தேன், இல்லை. மூன்றாவது சாவுக்குப் பிறகு அப்பா தீர்ப்பு வழங்கினார். “இனி ஒண்ணு செத்தா தொட்டி கடைக்கு வந்துரும். குங்குமச் சிமிழ் அடுக்க அந்தக் கண்ணாடி தோதா இருக்கும்.”

இந்த நிலையில்தான் நண்டுகள் செத்துக் கிடந்தன.

நான் அழுதுகொண்டிருந்தபோது மீன்காரம்மா வந்தார். கடலோரத்து ஊரூர் குப்பத்திலிருந்து தலையில் மீன்கூடையோடு பஸ் பிடித்து வருவார். சனிக்கிழமைகளில் இடுப்பில் ஒரு குடம் கடல்நீரும் வரும். குடத்தை எங்கள் வாசலில் இறக்கிவிட்டு, விற்று முடித்துத் திரும்பும்போது காலிக் குடத்தை வாங்கிப் போவார்.

“இன்னா பாப்பா, செத்த நண்டுக்கா அழுவுற? என் கூடைல கீறது அல்லாம் உசுரோடயா கீது?” என்றார்.

“அது சாப்பிடறதுக்கு” என்றேன்.

“நண்டுக்கு அது தெரியுமா?” என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் திரும்பினார். “கடல்ல கீறது கடல்லதான் கீணும்மா. பொட்டில போட்டா கோச்சிக்கும். சங்கரா வேணுமா, வாணாமா?”

அம்மா சங்கரா வாங்கினாள். பிறகு என்னிடம், “அப்பாட்ட நீயே சொல்லிரு. நான் சொன்னா நானும் சேந்து கொன்ன மாதிரி ஆயிரும்” என்றாள்.

மத்தியானம் சாப்பாட்டுக் கேரியரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். ஆவணி மாதம்; கல்யாணச் சீருக்குப் பாத்திரம் எடுக்கிறவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். மயிலாப்பூர் மாமி ஒருவர் செம்புக் குடம் ஒன்றை விரலால் சுண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதுல மோர் விட்டு வெக்கலாமோ?”

“வேண்டாம் மாமி. மோரு, புளி, உப்பு சேந்தது எதுவும் ஆகாது. களிம்பு ஏறிரும், வயித்தப் பொரட்டும். தண்ணி வைங்க, அமிர்தமா இருக்கும்.”

“உப்புகூட ஆகாதா?”

“உப்புதான் மாமி மொத எதிரி. உப்பு பட்டா செம்பு கக்கிரும்.”

செம்பு வாங்க வருகிற எல்லோருக்கும் அப்பா இதைச் சொல்வார். விற்கிற பாத்திரத்தின் குறையை மறைக்காமல் சொல்வதில் அவருக்குப் பெருமை. எனக்கு இந்தப் பேச்சு மனப்பாடம். அன்றுதான் அது காதில் விழுந்தது.

“அப்பா, கடல் தண்ணி உப்புதான?”

“ஆமா.” அவர் கண் தராசில் இருந்தது.

“அப்போ நம்ம அண்டா?”

தராசைப் பிடித்த கை நின்றது. “ஏட்டி, அது தண்ணி.”

“உப்புத் தண்ணி.”

“கடல் தண்ணி. அதுல எவன் உப்பக் கொண்டு போட்டான்?”

“நண்டெல்லாம் செத்துட்டுப்பா. நம்ம அண்டாதான் கொன்னுட்டு.”

மாமி என்னையும் அப்பாவையும் மாறிமாறிப் பார்த்தார். “ஏன்டிம்மா, நீ கடைய நடத்த வந்தியா, மூட வந்தியா?” என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே குடத்தைக் கீழே வைத்தார். “எதுக்கும் எவர்சில்வர்ல ரெண்டு காட்டுங்கோளேன்.”

அப்பா எவர்சில்வர் எடுத்துக் காட்டினார். வியாபாரச் சிரிப்பு மாறவே இல்லை. கேரியரை வாங்கும்போது மட்டும் குரலைத் தணித்து, “செம்பு கொல்லும்னு என் கடைக்குள்ள நின்னு சொல்லுத. வீட்டுக்குப் போ. தொட்டிய சாயங்காலம் எடுத்துக்கிடுதேன்” என்றார்.

நான் வீட்டுக்கு ஓடினேன். கடல்நீர்க் குடம் இன்னும் வாசலிலேயே இருந்தது. அம்மா அதை அண்டாவில் ஊற்றுவதற்காகத் தூக்கிய நேரம். அண்டாவின் வாயை இரண்டு கைகளாலும் மறித்துக்கொண்டு நடந்ததைச் சொன்னேன். அம்மா குடத்தைக் கீழே வைத்தாள். அண்டாவின் உள்பக்கத்தை வெகுநேரம் பார்த்தாள்.

மீன்காரம்மா காலிக் குடத்துக்கு வந்தபோதும் நான் நகரவில்லை.

“குடத்தக் குடும்மா, பஸ் போய்க்கினே கீது.”

“இன்னிக்குத் தர முடியாது.”

“இன்னா சட்டமா பேசுது பாரு. சரி, வச்சிக்க. அடுத்த சனிக்கெயம வாங்கிக்கிறேன்.” போகும்போது அம்மாவிடம், “இத்த எந்தப் புண்ணியவான் கட்டிக்கினு அயப்போறானோ” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா சொன்னபடி விளக்கு வைக்கும் நேரத்துக்கு வந்தார். கடை வண்டிக்காரரும் கூடவே படியேறினார். நான் தொட்டிக்கு முன்னால் முதுகை ஒட்டி நின்றேன். கண்ணாடி சில்லென்று இருந்தது.

“நகரு.”

“மாட்டேன்.”

“ஏட்டி, யார்கிட்டப் பேசுத?”

“உப்பு பட்டா செம்பு கக்கும்னு நீங்கதான சொன்னீய? ஊருக்கெல்லாம் சொல்லுதீய. மீன்கிட்ட மட்டும் சொல்லல.”

வண்டிக்காரர் சுவரைப் பார்த்தார். அப்பாவின் முகம் சிவந்தது. அவர் என்னை அடித்ததில்லை; அன்றும் அடிக்கவில்லை. நேராக அண்டாவுக்குப் போனார். ஒரு டம்ளரை உள்ளே விட்டு நிறைய மொண்டார்.

“இது விஷமா? பாரு.”

“வேண்டாங்க, என்ன செய்யுதீய?” என்று அம்மா எழுந்து வருவதற்குள் அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்துவிட்டார். டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு சொட்டு இல்லை. வழக்கு ஜெயித்த முகத்தோடு எங்கள் மூவரையும் பார்த்தார். அந்த முகம் கொஞ்ச நேரம்தான் நின்றது. பிறகு குளியலறைக்கு ஓடினார். உள்ளேயிருந்து வந்த சத்தத்தை இங்கே எழுத வேண்டியதில்லை.

கண்ணெல்லாம் நீர் கோத்து, முகத்தைத் துண்டால் துடைத்தபடி வெளியே வந்தார். “உப்பு” என்றார். “கடல் தண்ணி குடிச்சா எவனுக்கும்தான் வரும். செம்பு என்ன பண்ணும்?”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

அம்மா அந்த டம்ளரை எடுத்தாள். குழாயடியில் கழுவினாள். வாசலில் இருந்த அலுமினியக் குடத்திலிருந்து அதே அளவு, விளிம்புவரை, கடல்நீரை மொண்டாள். எங்கள் எல்லோர் முன்னாலும் நின்று, நிறுத்தி நிறுத்தி, கடைசி மடக்குவரை குடித்தாள். முந்தானையால் வாயை ஒற்றிக்கொண்டாள்.

“உப்புதான்” என்றாள்.

எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் நின்றாள். ஒன்றும் நடக்கவில்லை. அப்பாவுடைய பேச்சை அவர் முன்னாலேயே அவள் சோதித்துப் பார்த்தது அதுதான் முதல் முறை. அவள் எவ்வளவு பெரிய காரியம் செய்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் குடித்தாள் என்று மட்டுமே தெரிந்தது.

“இன்னா மொதலாளி, தொட்டிய ஏத்தணுமா, வாணாவா? வண்டி ரோட்ல நிக்குது” என்றார் வண்டிக்காரர்.

“நாளைக்குப் பாத்துக்கலாம், போ” என்று சொல்லிவிட்டு அப்பா உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அம்மா அன்றிரவு சாப்பிடவில்லை. சனிக்கிழமை விரதம் என்றாள். அப்படி ஒரு விரதத்தை அதற்கு முன்போ பின்போ அவள் இருந்ததாக எனக்கு நினைவில்லை. சங்கரா மீன் குழம்பை நான் மட்டும் சாப்பிட்டேன். “நாளைக்கு” என்ற சொல் நெஞ்சில் உறுத்தியது. பாயைத் தொட்டிக்குக் கீழேயே விரித்துப் படுத்தேன். எடுப்பதானால் என்னைத் தாண்டித்தான் எடுக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை, தண்ணீர் மொள்ளும் சத்தத்தில் விழித்தேன். என் தலைமாட்டில் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். தொட்டியில் பாதித் தண்ணீர் இல்லை. மிச்சமிருந்த பட்டை மீன், அம்மா நார்த்தங்காய் போட்டுவைக்கும் பீங்கான் ஜாடிக்குள் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. அப்பா தண்ணீரைத் தேங்காய்ச் சிரட்டையால் மொண்டு பக்கத்திலிருந்த வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தார். எல்லா அளவிலும் சொம்பும் கிண்ணமும் இருந்த வீட்டில் அவர் கையில் சிரட்டை. அவருடைய வேட்டி முழங்கால்வரை நனைந்திருந்தது. செப்பு அண்டா மூலையில் கவிழ்ந்து கிடந்தது. வாசலோரம் புது மண்பானைகள் மூன்று, வாயில் ஈரத்துணி கட்டி, அடியில் கடற்கரை மணல் ஒட்டியபடி வரிசையாக இருந்தன.

இவ்வளவையும் நான் பார்த்தேன். ஒன்றுகூட விடாமல் பார்த்தேன். தொட்டியைக் காலி செய்து கடைக்குத் தூக்கப் பார்க்கிறார் என்பதுதான் எனக்குப் புரிந்தது.

எழுந்து வாளிக்குள் சொம்பை விட்டேன். அவர் மொண்டு ஊற்றிய தண்ணீரைத் திரும்பத் தொட்டியிலேயே ஊற்றினேன். அவர் மறுபடி மொண்டார். நான் மறுபடி ஊற்றினேன்.

“ஏட்டி, தள்ளு” என்றார். சத்தம் போடவில்லை.

“தள்ள மாட்டேன்.”

அவர் காரணம் சொல்லவில்லை. சொன்னால் எதை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்குமோ அதை ஒப்புக்கொள்வதைவிட, ஒரு சிரட்டை மொண்டு ஒரு சொம்பைத் திரும்ப வாங்கிக்கொள்வது அவருக்குச் சுலபமாக இருந்திருக்க வேண்டும். மணல் கலங்கித் தொட்டி முழுக்கப் புழுதியாயிற்று. அடுக்களை வாசலில் அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள். தோள்கள் குலுங்கின. தொட்டி போகிறதே என்று அழுகிறாள் என்று நினைத்தேன். அவளுக்காகவும் சேர்த்து இன்னும் வேகமாக ஊற்றினேன்.