தொட்டிக்காரர் கற்ற பாஷை

அந்த ஓட்டலின் பின்பக்கம், இரும்பு மூடிக்குக் கீழே ஒரு தொட்டி. சமையலறையில் கழுவி ஊற்றும் எண்ணெயும் எச்சிலும் அதில் சேர்ந்து, வெள்ளை வெள்ளையாக உறைந்து நாறும். சனிக்கிழமைதோறும் உள்ளே இறங்கி அதை வாரிக் கொட்டுவது அவர் வேலை. பாஷை தெரியாத ஊரில் வேறென்ன கிடைக்கும்? எல்லாரும் அவரைத் தொட்டிக்காரர் என்றே கூப்பிட்டார்கள்.

வேலையில் சேர்த்துவிட்டது மனைவியின் தம்பி. பாத்திரம் கழுவும் பகுதிக்கு அந்த மச்சான்தான் மேஸ்திரி. முதலாளிக்கும் இவருக்கும் நடுவே வாயும் அவன்தான். தாய் இறந்த செய்தி வந்த அன்று முதலாளி நெடுநேரம் என்னவோ பேசினான். மச்சான் உதட்டைப் பிதுக்கி, "லீவு கிடையாதாம், அத்தான்" என்றான். இவர் அழுதுகொண்டே தொட்டிக்குள் இறங்கினார்.

இப்போது மகளுக்குக் கல்யாணம். "இப்பவும் தரமாட்டான், அத்தான். கேக்குறதே வீண்" என்றான் மச்சான். இந்தத் தடவை சொந்த வாயாலேயே கேட்டுவிடுவது என்று மாலை வகுப்பில் போய்ச் சேர்ந்தார்.

பட்ட பாடு கொஞ்சமா? எழுதுவது ஒன்று, வாசிப்பது ஒன்று. தொண்டையில் முள் சிக்கியவன் காறுவதுபோல் ஓர் எழுத்து. எத்தனை சோப்பு போட்டாலும் தொட்டி நாற்றம் உடம்பை விட்டுப் போகவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நாற்காலியை நகர்த்தினார்கள். அவருக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. ஆனாலும் விடவில்லை. ஒருநாள் பஸ்ஸில் இரண்டு கிழவிகள் தங்கள் மருமகள்களைக் கரித்துக்கொட்டியது முழுக்கப் புரிந்தது. அடடா, இங்கேயும் இதே கதைதானா என்று வாய்விட்டுச் சிரித்தார்.

அந்தத் தைரியத்தில், சமையலறைக்கு வந்த முதலாளியை மறித்து, "மகளுக்குக் கல்யாணம். நான் ஊருக்குப் போக வேண்டும்" என்று தட்டுத்தடுமாறிச் சொன்னார்.

முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தான். "கல்யாணத்துக்கு மட்டும் போவாயோ? உன் தாய் இறந்தபோது போகச் சொல்லி எவ்வளவு கெஞ்சினேன். இஷ்டமில்லை என்றாயாமே. இவனெல்லாம் ஒரு மனுஷனா என்று அன்றைக்கே உன்னை வெறுத்துவிட்டேன்."

இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அதே பதில். பாழாய்ப்போன பாஷை ஒரு சொல் விடாமல் புரிந்தது.

மச்சான் குழாயடியில் பேயறைந்த மாதிரி நின்றான்.

"ஏன்டா அப்படிச் சொன்னே?"

"நீங்க போயிருந்தா என்னையில்ல தொட்டில இறக்கியிருப்பான்? அந்த நாத்தம் எனக்கு ஒத்துக்காது, அத்தான்."

அத்தானாம்!

"என்ன சொல்கிறான்?" என்றான் முதலாளி.

"நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்னு சொல்லிடுங்க அத்தான், அக்கா முகத்துக்காக" என்று மச்சான் கையைப் பிடித்தான்.

அவர் கையை உதறிவிட்டு, அவன் முதலில் சொன்னதைச் சொன்னபடியே முதலாளியின் பாஷையில் சொன்னார். நாற்றம் ஒத்துக்கொள்ளாது என்றதையும் விடவில்லை.

முதலாளி மச்சானை முறைத்தான். பிறகு, "சரி, நீ போய் வா. சனிக்கிழமை தொட்டிக்கு யார்?" என்றான். ஓர் ஆறுதல் வார்த்தை கிடையாது. அவனுக்கும் தொட்டிதான் கவலை.

அவர் ரப்பர் பூட்ஸைக் கழற்றி மச்சானின் காலடியில் எறிந்தார். கேட்டதும் லீவு கிடைத்துவிட்டது. தாய் இறந்த அன்றைக்கும் இப்படித்தான் கிடைத்திருக்கிறது என்று நினைத்தபோது, தொட்டிக்குள் ஒருநாளும் வராத வாந்தி வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, அங்கேயே எடுத்தார்.