தேயாத துத்தநாகம்

முப்பத்து நான்கு ஆண்டுகள் லேத் பட்டறையில் நின்றே வேலை பார்த்த அவரைச் சொந்தப் பெயரால் அழைத்தவர்கள் மிகக் குறைவு. ‘மில்லிமீட்டர்’ என்று கேட்டால்தான் துறைமுகச் சாலையில் வழி காட்டுவார்கள். ஒரு கம்பியைக் கண்ணால் பார்த்தே அதன் தடிமனைச் சொல்லிவிடுவார். சந்தேகப்பட்டு அளந்து பார்த்தவர்கள் அசடு வழியத் திரும்பினார்கள். மனைவிக்குக் ‘கேப்டன்’ என்று பெயர் வைத்தவர் அவரே. மணமான பதினோராம் ஆண்டில், பாதி உளுத்துப்போன சிறிய பாய்மரப் படகு ஒன்றை இருவரும் வாங்கிச் செப்பனிட்டார்கள். சுக்கானை யார் பிடிப்பது என்ற சண்டையில் அவர் முதல் நாளே தோற்றார். அதன்பின் அந்தச் சண்டை வரவே இல்லை.

ஆண்டுக்கு ஒரு முறை, குளிர் விலகியதும், படகைக் கிரேனால் தூக்கிக் கரையில் நிறுத்துவார்கள். உலோக வேலை அவருடையது, பெயிண்ட் வேலை அவளுடையது. படகின் அடியில் சுழலும் விசிறியின் தண்டை இரு பாதிகளாகக் கவ்வியபடி, கைமுட்டி அளவில் ஒரு துத்தநாகக் கட்டி இருக்கும். துறையில் அதை ஜிங்க் என்பார்கள். உப்புநீர் ஏதாவது ஓர் உலோகத்தைத் தின்றே தீரும். ஜிங்க் அந்தப் பசியைத் தன்மேல் வாங்கிக்கொண்டு கரைய, விசிறியும் தண்டும் பிழைத்துக்கொள்ளும். கரைந்து எலும்பாகிப்போன பழையதைக் கழற்றிவிட்டு, தண்டை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, புதியதை முறுக்க வேண்டும். இதில் ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. ஜிங்க்மேல் பெயிண்ட் படவே கூடாது. பட்டால் தண்ணீரால் அதைத் தொட முடியாது. பசி விசிறியின்மேல் பாயும்.

ஆகவே கேப்டன் முதலில் ஜிங்கைச் சுற்றிக் காகித டேப் ஒட்டுவாள். பிறகுதான் பாசி பிடிக்காத சிவப்புப் பெயிண்டை எடுப்பாள். காய்ந்ததும் டேப்பை உரிப்பாள். டேப் சுருளை இடது மணிக்கட்டில் வளையலைப்போல் மாட்டிக்கொண்டு வேலை செய்வது அவள் வழக்கம். இருபத்திரண்டு ஆண்டுகளில் ஜிங்க்மேல் ஒரு துளி தெறித்ததில்லை. அதனாலேயே, மற்ற எல்லாவற்றையும் இரண்டு முறை சரிபார்க்கும் மில்லிமீட்டர், அதை மட்டும் ஒருபோதும் குனிந்து பார்த்ததில்லை.

சென்ற ஆண்டு படகு கரையேறவில்லை. படகுக்கு ஒதுக்கிய வாரங்களை மருத்துவமனை எடுத்துக்கொண்டது. நரம்பு மருத்துவர் கேட்டார்: “இந்த மறதி எப்பத்துல இருந்துன்னு சொல்ல முடியுமா?”

“ஏழு வாரமா, சார். ஒரு செவ்வாய்க்கிழமை. கடைக்குப் போனவ வீட்டுக்கு வழி தெரியாம நின்னா. அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல.”

“நிச்சயமாவா?”

“நான் கூடவே இருக்கேன், சார்.”

மருத்துவர் அதை எழுதிக்கொண்டார்.

இந்த ஆண்டுக்குள் கேப்டன் மூன்று முறை காணாமற்போய்க் கிடைத்துவிட்டாள். பெற்ற மகளை ‘நர்ஸம்மா’ என்று கூப்பிட்டாள், மகளும் அழுது ஓய்ந்தபின், “சொல்லுங்க பாட்டிம்மா, மாத்திரை போட்டாச்சா?” என்று அதே நடிப்பில் பழகிக்கொண்டாள். மில்லிமீட்டரின் முழங்கால்கள் அவள் பின்னால் படியிறங்கி ஓடும் நிலையில் இல்லை. பராமரிப்பு இல்லத்தில் இடம் கிடைத்து, நாளும் குறித்தாயிற்று. இன்னும் ஒன்பது நாட்கள். அவர் மகளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: அதற்கு முன்னால் ஒரு தடவை கேப்டனைப் படகில் ஏற்றி, கையில் சுக்கானைக் கொடுக்க வேண்டும். மகளை மறந்தவள் படகை மறக்கவில்லை. கயிறுகள் அத்தனைக்கும் இன்றும் பெயர் சொன்னாள்.

“ஒரே ஒரு தடவதான்பா,” என்றாள் மகள். “காத்து இல்லாத நாளா பாத்துப் போங்க. எஞ்சின்ல போய் எஞ்சின்லயே திரும்பணும். ரெண்டு பேரும் பாயத் தொடக்கூடாது. சத்தியம் பண்ணுங்க.”

“பாயைத் தொடமாட்டேன். உங்கம்மாவுக்கு நான் சத்தியம் பண்ண முடியாது. அவ கேப்டன்.”

மகள் சிரித்துவிட்டாள். அனுமதி கிடைத்ததாக அவர் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை கிரேன் படகைத் தூக்கியது. இரண்டு ஆண்டுப் பாசி தாடிபோல் தொங்கியது. ஜிங்க் என்ற ஒன்று மிச்சமே இருக்காது, தண்டிலாவது உயிர் இருந்தால் போதும் என்ற கணக்கில்தான் அவர் புதிய ஜிங்கையும், திருகு கழற்றும் அலன் கீயையும், உப்புத்தாளையும் கொண்டு வந்திருந்தார். ஒரு மணி நேர வேலை. சனிக்கிழமை காற்று இராது என்று வானிலை அறிக்கையும் சொல்லியிருந்தது.

கிரேன்காரர் குனிந்து பாசியை விலக்கியவர், தொடையில் தட்டிக்கொண்டார். “மாஸ்டர், உங்களுக்கு எங்கயோ மச்சம் இருக்கு! ரெண்டு வருஷம் கழிச்சும் ஜிங்க் அப்படியே குண்டா உக்காந்திருக்கு பாருங்க. எங்க மாமியார் மாதிரி, ஒரு சுத்துகூட எளைக்கல!”

மில்லிமீட்டர் சிரிக்கவில்லை. மண்டியிட்டு, கட்டைவிரல் நகத்தால் ஜிங்கைச் சுரண்டினார். நகத்தில் சிவப்பு ஏறியது. 

அவர் எழாமல் கையை மட்டும் நீட்டி ஸ்பேனரை எடுத்து விசிறியின் இதழில் தட்டினார். நல்ல வெண்கலம் கணீரென்று பேச வேண்டும். இது ஈரமண்ணைத் தட்டியதுபோல் ‘தொப்’ என்றது. சுரண்டினால் உள்ளே மஞ்சளே இல்லை, வெளிறிய செம்பு நிறம். இதழின் நுனியை இரு விரலால் பிடித்து வளைத்தார். அது பிஸ்கட்டைப்போல் கையோடு வந்துவிட்டது.

கிரேன்காரர் தலையில் கை வைத்தார். “யாரு மாஸ்டர் ஜிங்க்மேல பெயிண்ட் அடிச்ச புண்ணியவான்?”

பிறகு அவரே வேறு பேச்சுக்குப் போனார். “பழைய விசிறி ஏதாவது கிடைக்குதான்னு கேட்டுப் பாக்கவா?”

“தண்டும் குழிகுழியா போயிடுச்சு. ரெண்டையும் புதுசா செய்யணும்.”

“எத்தன நாளாகும்?”

“ஆறு வாரம்.”

“அப்ப அம்மாவ என் மச்சான் படகுல கூட்டிட்டுப் போங்க மாஸ்டர், நான் சொல்றேன்.”

“அது அவளுக்கு யாரோ ஒருத்தர் வீடு, தம்பி. ஏறவே மாட்டா.”

கிரேன்காரர் தேநீர் வாங்கிவருவதாகச் சொல்லி விலகிப் போனார். மில்லிமீட்டர் ஜிங்கைக் கழற்றத் தொடங்கினார். திருகுகளின் குழிகளிலும் பெயிண்ட் அடைந்திருந்தது. ஊசியால் குத்தி எடுத்தபின்தான் அலன் கீ இறங்கியது. பாதிகள் இரண்டும் கைக்கு வந்தன. பிரஷ் தடங்கள் எல்லாம் ஒரே திசையில், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், ஓரங்களில் ஒழுகாமல் இருந்தன. அவ்வளவு நேர்த்தியாகத் துறையில் வேறு யாருக்கும் அடிக்க வராது.

இரண்டு ஆண்டுக்கு முன் அவள் கடைசியாகப் பெயிண்ட் அடித்த அந்த நாள் அவருக்கு முழுதாகத் திரும்பி வந்தது. கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்து அவர் தண்டை அளந்துகொண்டிருந்தார். கேப்டன் பிரஷும் கையுமாக நின்று, “அடுத்து என்னங்க?” என்று கேட்டாள். “அதை நீதான் சொல்லணும், கேப்டன்!” என்று அவர் சிரித்தார். அவளும் சற்றுத் தாமதித்துச் சிரித்தாள். மாலையில் டேப் சுருள் அவள் மணிக்கட்டிலேயே இருந்தது. பிரிக்காத புதுச் சுருள். “வளையல் நல்லாத்தான் இருக்கு, வீட்டுக்கும் போட்டுட்டு வர்றியா?” என்று கேலியும் செய்தார். கண்ணெதிரே இருந்ததைப் பார்த்து, கேலியும் செய்து, படகைத் தண்ணீரில் இறக்கிவிட்டார்.

அது அந்தச் செவ்வாய்க்கிழமைக்குக் கிட்டத்தட்ட பத்து மாதம் முந்தைய நாள். அந்தப் பத்து மாதமும் அவள் தனியாக அந்த மறதியை ஒளித்து வைத்துக்கொண்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். அளவில் இத்தனை பெரிய பிழையை அவர் பட்டறையில் ஒரு நாளும் விட்டதில்லை.

தேநீர் ஆறிப்போகும்வரை அவர் படகின் அடியிலேயே இருந்தார்.

வீட்டில் கேப்டன் சன்னலோரம் உட்கார்ந்து துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததைப் பிரித்து மீண்டும் மடிப்பாள். அவர் பையிலிருந்த ஜிங்க் பாதிகளை மேசைமேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். திரும்பி வந்தபோது ஒரு பாதி அவள் கையில் இருந்தது. அவரைப்போலவே கட்டைவிரல் நகத்தால் சுரண்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பல மாதங்களாகக் காணாத ஒரு கூர்மை அவள் முகத்தில் இருந்தது.

“ஏங்க, இத யாரு பண்ணது?”

அவர் துண்டால் கையைத் துடைத்தார். துடைத்து முடிந்தபின்னும் துடைத்தார்.

“நான்தான்.”

“டேப் ஒட்டல?”

“ஒட்டல.”

“உங்களுக்கு எத்தன தடவ சொல்லியிருக்கேன்? மொதல்ல டேப்பு, அப்புறம்தான் பெயிண்ட்டு. இப்ப விசிறி என்னத்துக்கு ஆச்சு?”

“போச்சு. தண்டும் போச்சு.”

“போகாம என்ன செய்யும்? ஊருக்கெல்லாம் அளந்து குடுத்துட்டு, சொந்தப் படகுல இப்படி ஒரு வேல!”

“மறந்துட்டேன், கேப்டன்.”

அவள் அவரைச் சிறிது நேரம் பார்த்தாள். கோபம் முகத்திலிருந்து மெல்ல இறங்கியது. எழுந்து வந்து, அவர் கையிலிருந்த துண்டை வாங்கி நான்காக மடித்தாள்.

“சரி விடுங்க. வயசாகுதுல்ல. இதுக்குப்போய் மூஞ்சிய இப்படி வச்சுக்கிட்டா எப்படி? புதுசு வர எத்தன நாளு?”

“ஆறு வாரம்.”

“ஆறு வாரம்தானே!” என்றாள் கேப்டன், மடித்த துண்டை மற்றவற்றின்மேல் வைத்தபடி. “நாம எங்க போகப்போறோம்?”

வாசலறையில் மகள் வாங்கி வைத்திருந்த புதுப் பெட்டி, சாவி கட்டிய கைப்பிடியோடு நின்றது. மில்லிமீட்டர் நகர்ந்து வந்து, அவளுக்கும் அந்தப் பெட்டிக்கும் நடுவில் நின்றுகொண்டார்.

“எங்கயும் இல்ல, கேப்டன்,” என்றார்.