அண்ணனுக்கு நான் தேடிய வேலை

மைக்ரோவேவ் அடுப்பின் அளவில் வெள்ளையாக ஒரு பெட்டி. மூலக்குளத்தில் நான் வேலை பார்க்கும் நாய் பூனை ஆஸ்பத்திரிக்கு அது வரப்போகிறது என்று தெரிந்த அன்று, கூட வேலை பார்க்கும் அண்ணனை நினைத்து என் மனசு உருகிவிட்டது. ஐயோ பாவம், இந்த மனுஷன் இனி எங்கே போவார்?

எங்கள் டாக்டரம்மாவுக்கு உதவியாளர்கள் இரண்டே பேர். நான் லேப். டிப்ளமோ படித்தவள். வெள்ளைக் கோட்டு, மைக்ராஸ்கோப் எல்லாம் உண்டு. நாயின் ரத்தத்தில் உண்ணிக் காய்ச்சல் கிருமி இருக்கிறதா என்று பார்த்து, அணுக்களை எண்ணி, ரிப்போர்ட் எழுதுவேன். வில்லியனூர்ப் பக்கத்து எங்கள் ஊரில், "எம் பொண்ணு டாக்டருக்கு அடுத்த எடம்" என்று அம்மா சொல்லிக்கொண்டு திரிந்ததை நான் மறுத்ததே இல்லை. அண்ணன் பிடிப்பவர். ஊசி போடும்போது பிராணி அசையாமல் பிடித்துக்கொள்வார், கூண்டு கழுவுவார். அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். அதிலும் ஆயிரம் சடங்கு. பூனையைத் துண்டில் சுற்றுவதற்கு முன்னால், "எம்மா, கோச்சுக்காத, ஒரே நிமிசம்" என்று அனுமதி கேட்பார். பூனை முறைத்தால் காத்திருப்பார். வெளியே பத்துப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். இவர் பூனையின் சம்மதத்துக்காக நிற்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பெட்டிக்கு விலை பேச வந்த விற்பனைக்காரர், "இது வந்துட்டா பாதி வேலைக்கு ஆளே தேவையில்ல மேடம்" என்றார். டாக்டரம்மா எங்கள் இருவரையும் பார்த்தார். ஒருவர் இருந்தால் போதுமா என்று யோசிப்பதாகவும், மாசக் கடைசியில் சொல்வதாகவும் சொன்னார். அந்த ஒருவர் யார் என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இருக்கவில்லை. கம்ப்யூட்டர் தெரிந்தவளை வைத்துக்கொள்வார்களா, பூனையிடம் கெஞ்சுகிறவரையா?

எனக்கு இளகிய மனசு. அண்ணன் வீட்டில் காலேஜ் படிக்கும் இரண்டு பெண்கள். அதனால் நோணாங்குப்பம் படகுத் துறையில் டிக்கெட் கொடுக்கும் என் சித்தப்பா மகனிடம் பேசி, சுற்றுலா வருகிறவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடும் வேலை ஒன்றைப் பிடித்து வைத்தேன்.

"உங்களுக்குப் பழகின வேலதாண்ணே. திமிறுறவங்கள புடிச்சி மாட்டிவுடணும்."

"எனக்கு எதுக்கும்மா அது? கடலோரம் பிள்ளைச்சாவடில பொறந்தேன்னுதான் பேரு, எனக்குத் தண்ணின்னாலே ஆவாது."

"இருக்கட்டும்ணே. நாளைக்கி உதவும்" என்று சொல்லிவிட்டுக் கோட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். என்ன ஒரு நாடகம்! இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பெட்டி வந்த அன்றே அதை ஓட்டிக் காட்ட ஏற்பாடு. அதில் சோதிக்க முதல் ரத்தம் முசியே வீட்டு நாயினுடையது. பிரெஞ்சு அரசாங்கத்துப் பென்ஷன் வாங்கும் பெரியவர் அவர். தெருவில் எல்லோருக்கும் அவர் முசியேதான், பிரெஞ்சில் ஐயா என்பது. கன்றுக்குட்டி உயர நாயை எங்களிடம் விட்டுவிட்டு அவர் மருந்து வாங்கப் போயிருந்தார். "நீங்க போயி கூண்டு கழுவுங்கண்ணே, நான் பாத்துக்கறேன்" என்று அண்ணனை அனுப்பிவிட்டேன். அவர் இல்லாமலே எல்லாம் நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியட்டுமே!

"உக்காரு" என்றேன். நாய் சுவரைப் பார்த்தது. "சிட்" என்றேன். கொட்டாவி விட்டது. சரி என்று கழுத்தைக் கட்டிப் பிடித்தேன். அடுத்த நொடி நான் தரையில் கிடந்தேன். விற்பனைக்காரர் மேஜைமேல் நின்றார். அவருடைய கால்சட்டையின் ஒரு துண்டு நாயின் வாயில். டாக்டரம்மா ஊசியோடு கதவுக்குப் பின்னால் ஒதுங்கி, "அண்ணே! அண்ணே!" என்று கத்தினார்.

அண்ணன் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். குனிந்து, மெதுவாக, "அசி" என்றார். நாய் உட்கார்ந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல் முன்னங்காலையும் நீட்டியது.

"முசியே வீட்டு நாய்க்கித் தமிழு, இங்கிலீசு ரெண்டும் தெரியாதும்மா. ஒக்காருன்றத பிரெஞ்சுலதான் சொல்லணும். எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

எல்லோரும் சிரித்தோம். மேஜைமேல் நின்றவரும் சிரித்துக்கொண்டே இறங்கி, டாக்டரம்மா எடுத்த ரத்தத்தைப் பெட்டிக்குள் வைத்தார். நான் இன்னும் நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே பெட்டி ஒரு சத்தம் கொடுத்துக் காகிதத்தைத் துப்பியது. அத்தனை அணுக்களின் எண்ணிக்கையும் வரிசையாக, அழகாக. கிருமி இருக்கிறது என்றும் போட்டிருந்தது. எனக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும் வேலை. பெட்டிக்குப் பத்தே நிமிடம். முசியேவின் போனுக்கு ரிப்போர்ட்டை அதுவே அனுப்பியும் விட்டது. காகிதத்தை எடுத்து இரண்டு தடவை படித்தேன். அட கடவுளே, ஆளே தேவையில்லை என்றது என்னையா?

டாக்டரம்மா மாசக் கடைசிவரை காத்திருக்கவில்லை. மறுநாளே கூப்பிட்டார். சுற்றி வளைத்து, என்னைப் பார்க்காமல் மேஜை விரிப்பைப் பார்த்துப் பேசினார். லேபுக்கு இனி ஆள் வேண்டாமாம். அம்மாவிடம் எந்த முகத்தோடு சொல்வேன் என்ற ஒன்றுதான் மனசில் ஓடியது. கதவருகே துடைப்பத்தோடு நின்ற அண்ணன் உள்ளே வந்தார்.

"அம்மா, பெரிய நாய் வந்தா நான் ஒருத்தனா புடிக்க முடியல. வயசாவுது. முன்பக்கம் நான் புடிப்பேன். பின்பக்கத்த யாரு புடிப்பா, பொட்டியா? இந்தப் பொண்ணு புடிக்கட்டும்."

அவரால் ஒருவராகவே பிடிக்க முடியும் என்பது டாக்டரம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தும் டாக்டரம்மா சரியென்று தலையாட்டினார். இந்த மனுஷனுக்கா நான் படகுத் துறையில் வேலை தேடினேன் என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. அன்றைக்கு அழுதது நிஜ அழுகை.

இரண்டு வருஷமாகப் பின்பக்கம் என்னுடையது. பெட்டி ஏசிக்குக் கீழே சொகுசாக உட்கார்ந்திருக்கிறது. பயந்த நாய் என்னவெல்லாம் செய்யுமோ அத்தனையும் என் கோட்டில் செய்தாகிவிட்டது. "எப்பப் பாத்தாலும் எனக்கே ஏண்ணே பின்பக்கம்? ஒரு நாளாவது மாத்திக்கலாம்ல?" என்று தினம் சண்டை போடுவேன். சிரித்துக்கொண்டே முன்பக்கம் போய் நின்றுகொள்வார்.

போன வாரம் ஒரு நாய் அவர் மணிக்கட்டைக் கடித்துவிட்டது. மருந்து வைக்க முழுக்கைச் சட்டையை நான்தான் சுருட்டினேன். முழங்கைவரை பழைய தழும்புகள், ஒன்றின்மேல் ஒன்றாக.  சண்டையை விடாமல், "இன்னாண்ணே இது, இனிமேலாவது எனக்கு முன்பக்கத்தக் குடுங்க" என்றேன்.

"பல்லு முன்னாடிதானம்மா இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.