வில்லனுக்கும் ஒரு ‘ங்க’

போன மாதம் இந்தப் பகுதியில் நான் எழுதிய ஒரு வார்த்தையை எடிட்டர் மாற்றிவிட்டார். ஒரே ஒரு வார்த்தை! அன்றிலிருந்து அவரோடு நான் சரியாகப் பேசுவதில்லை. எழுத்தாளன் எழுதியதில் கைவைக்க இவர் யார்? அந்தக் கடுப்போடு காபி குடித்துக்கொண்டிருந்தபோதுதான் வாசலில் வண்டி வந்து நின்றது.

பழனியப்பக் கவுண்டர் இறங்கினார். பக்கத்துக் கணபதி கிராமத்தில் பருத்தி போடுகிறவர், என் பழைய சிநேகிதர். மகள் ருக்மணியைப் படிக்க வையுங்கள் என்று அவரை அரித்து எடுத்தவன் நான். என் தொல்லை தாங்காமல் டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். இப்போது அவள் நாலாம் பாரம் படிக்கிறாள்.

“ஏனுங்க, அம்மணியப் பள்ளிக்கூடத்துல இருந்து நிறுத்திப்போடலாம்னு இருக்கறேனுங்க” என்றார், உட்காருவதற்கு முன்பே.

காரணம் — ஒரு நாவல்!

புது நாவல் இல்லை. என் அப்பா காலத்திலிருந்தே ஊர் கொண்டாடுகிற கதை. இந்த வருஷம் அதை நாலாம் பாரத்துக்குப் பாடமாக வைத்தாலும் வைத்தார்கள்... வீட்டுக்கு ஒரு அபிப்பிராயம். எங்கள் தெரு வக்கீல், ‘இதைப் படிக்காதவன் தமிழனே இல்லை’ என்கிறார். அவர் பெண்ணோ முதல் அத்தியாயத்தைத் தாண்டுவதற்குள் தூங்கிவிடுகிறாள். பாடம் நடத்துகிற எஸ்தர் டீச்சரைக் கேட்டேன். “பாதிப் பிள்ளைங்க அழறாங்க சார். மீதிப் பிள்ளைங்க இன்னும் எத்தனை பக்கம் பாக்கின்னு புரட்டிப் பார்க்கறாங்க” என்றார்.

கவுண்டர் காதுக்கு வந்த சேதி வேறு. கருமத்தம்பட்டிப் பங்காளி ஒருவர் ஓதியிருக்கிறார்.

“அந்தப் பொஸ்தகத்துல பூராவும் வாடா போடான்னுதான் பேச்சாமுங்க. அதையப் படிச்சா நாளைக்கு அம்மணியும் அப்படித்தானுங்களே பேசும்?”

வேறு ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். நம் பக்கத்தில் இது சிரிக்கிற விஷயமா? கவுண்டர் வீட்டில் கைக்குழந்தையைக்கூட ‘வாங்க கண்ணு’ என்றுதான் தூக்குவார்கள்.

“யாரோ சொன்னதை வைத்து முடிவு பண்ணாதீங்க. ருக்மணியை முழுசாப் படிக்கச் சொல்லி நீங்களே கேளுங்க” என்று அனுப்பிவைத்தேன். கவுண்டருக்குக் கையெழுத்துப் போட வரும். நாவல் வரைக்கும் வராது.

அனுப்பிய பிறகுதான் யோசித்தேன். பங்காளி சொன்னது பொய்யில்லை. அந்த நாவலின் வில்லன் வாயைத் திறந்தால் சாக்கடை!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கணபதிக்குப் போனேன். ருக்மணி உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். கவுண்டர் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி பாவாத்தாள் மொச்சை உரித்தபடியே என்னைப் பிடித்துக்கொண்டார்.

“அந்தக் கதாநாயகன் உருப்படுவானுங்களா? அறுப்பு நேரத்துல ஆத்தங்கரையில உக்காந்து நெலாவப் பாத்து அழுவறானுங்க. காட்டு வேலைக்கு ஆரு போவாங்க?”

“ஆனா அந்த வில்லன் பையன் தங்கமுங்க” என்றார் கவுண்டர்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தங்கமா? ஊரார் நிலத்தைப் பிடுங்கியவன், பெண்ணைக் கடத்தியவன்... அவனா?

“நீங்களே கேளுங்க” என்றார். வில்லன் கத்தியோடு கதாநாயகி முன்னால் நிற்கிற கட்டம். ருக்மணி படித்தாள்:

“‘ஏனுங்க அம்மணி, கொஞ்சம் பேசாம இருங்க. இல்லீன்னா கழுத்த அறுத்துப்போடுவேனுங்க.’”

எட்டிப் புத்தகத்தைப் பார்த்தேன். ‘அடியே, வாயை மூடு! கழுத்தை அறுத்துவிடுவேன்!’ என்று அச்சாகியிருந்தது.

கவுண்டர் மாட்டுக்குத் தீனி போட எழுந்து போனார். “என்னம்மா இது?” என்றேன் மெதுவாக.

“அப்பா முன்னாடி ‘அடியே’ன்னு எப்படீங்க மாமா சொல்றது? வாய் வர மாட்டேங்குதுங்க.”

தந்திரம் ஒன்றுமில்லை. வளர்ந்த வாய் அப்படி! அவள் பாட்டுக்கு வில்லன், வில்லனின் அடியாள், அடியாளின் குதிரை வரைக்கும் ‘ங்க’ போட்டுக்கொண்டு போயிருக்கிறாள்.

கவுண்டர் திரும்பி வந்தார். “அம்மணிக்குத் தொண்ட கட்டிப்போச்சுங்க. கடசி அத்தியாயத்த நீங்க படிச்சுப்போடுங்க. கேட்டுப்போட்டு முடிவு சொல்லீர்றேன்.”

புத்தகம் என் கைக்கு வந்தது. முதல் வரியிலேயே வில்லன் கர்ஜிக்கிறான்: ‘நாயே, எட்டி நில்! உன் வம்சத்தையே கருவறுப்பேன்!’

அச்சில் உள்ளபடி படித்தால் நாளையிலிருந்து ருக்மணிக்குப் பள்ளிக்கூடம் இல்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். படிப்பு என்றால் அவளுக்கு உயிர். சரி, எழுத்தாளன் எழுதியதில் கைவைக்க நான் யார்? தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

“‘ஏனுங்க, கொஞ்சம் எட்டி நில்லுங்க. உங்க வம்சத்தையே கருவறுத்துப்போடுவேனுங்க!’”

ருக்மணி தாவணியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

முடிவில் வில்லனைத் தூக்கில் போடுகிறார்கள். கவுண்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பாவமுங்க. எத்தன மருவாதி தெரிஞ்ச பையன்... நம்ம பக்கத்து ஆளுங்களா?”

“இருக்கலாமுங்க” என்றேன்.

“பொஸ்தகத்துல ஒரு தப்பும் இல்லீங்க. பங்காளிதான் பொய் சொல்லிப்போட்டாருங்க. அம்மணி படிக்கட்டும்” என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ஒரே புத்தகம்தான். அவரவர் அவரவர் வாயால் படிக்கிறோம், அவரவர் காதால் கேட்கிறோம். அபிப்பிராயம் எப்படி ஒன்றாக இருக்கும்?

நேற்று எஸ்தர் டீச்சர் வழியில் நிறுத்திச் சொன்னார். வில்லனின் குணத்தைப் பற்றி கிளாஸில் எழுதச் சொன்னாராம். ருக்மணி எழுதியது ஒரே வரி — ‘அவர் மிகவும் கெட்டவருங்க.’

எடிட்டர் ஐயா, நம் சண்டை தீர்ந்தது. இந்த வாரம் எந்த வார்த்தையை வேண்டுமானாலும் மாத்திப்போடுங்க!