கரித்தாளில் வந்த சாமி

அன்று வீட்டில் இருந்தது நான்கு பேர்: ஏழு மாத வயிற்றோடு நான், போடிமெட்டுக்கு ஜீப் ஓட்டும் என் வீட்டுக்காரர், மாமியார், கப்பல் வேலையிலிருந்து விடுப்பில் வந்திருந்த கொழுந்தன்.

கொழுந்தன் சயாம் நாட்டிலிருந்து கொண்டுவந்த தாள் சுருள்களில் ஒன்றை விரித்தார். கறுப்புக்குள் வெள்ளைக் கோடுகளாக ஓர் உருவம். கூர்முடி, கோரைப்பல், காலடியில் இன்னொருவன்.

“கோயில்ல செதுக்கின கல்லு மேல தாளை வச்சுக் கரியால தேச்சு எடுக்குறது மதினி. ஊருக்குத் திரும்புறவக எல்லாம் வாங்குவாக.”

“எந்தச் சாமிடா?” என்றார் மாமியார்.

“அதை யாரு கேட்டா ஆத்தா?”

நான் தாளை விட்டுத் தள்ளி உட்கார்ந்தேன். எங்கள் பக்கம் கோயிலில் ஒரு பிடி மண் எடுத்து வந்தாலே சாமியும் கூட வந்துவிடும். பிறகு அதற்குப் படைத்தாக வேண்டும். இதுவோ கல்லையே தொட்ட தாள். பேர் தெரியாத சாமிக்கு எதைப் படைப்பது? பசித்தால் அது எதை எடுத்துக்கொள்ளும்? முதல் பிள்ளையை வயிற்றிலேயே பறிகொடுத்தவள் நான்.

மறுநாள் மாமியார் கோடாங்கியைக் கூட்டிவந்தார். உடுக்கடித்துக் குறி சொன்னார்.

“கடல் தாண்டி வந்த காவக்காரன். சேவல் கேக்குறான். குடுத்துட்டு, தாளை ஆத்துல விட்டாத்தான் புள்ள தங்கும்.”

பூசைக்கு ஐம்பது ரூபாய். முன்பணமாகப் பத்தைக் கையில் கொடுத்தோம்.

ஆற்றில் விடுவதற்காகச் சுருட்டும்போது வீட்டுக்காரர் இன்னொரு தாளையும் விரித்தார். தேரில் ஒரு பெண். வழிமறிக்கும் பெரிய பறவை.

“ஏ, இது சடாயுல்ல! தேர்ல சீதை. அப்ப அந்தத் தாள்ல? வாலைப் பாரு!”

பயத்தில் நான் வாலைப் பார்க்கவே இல்லை.

“ஏண்ணே, வடமாலை போடுற ஆஞ்சநேயருக்கா சேவல் கேட்டீக?” என்று கோடாங்கியிடம் சிரித்தார்.

“பேரு எதுவா வேணா இருக்கட்டும் மாப்ளே. கேட்டது கேட்டதுதான். குடுக்காட்டி என் பொறுப்பில்ல.” உடுக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

“குடுத்துருங்களேன்” என்று கெஞ்சினேன்.

“ஆஞ்சநேயரை விட ஒனக்குக் கோடாங்கி பெருசா? போயி சோலியப் பாரு.”

பூசை நடக்கவில்லை. மகள் நல்லபடியாகப் பிறந்தாள். ஆனாலும் அவளுக்கு உடம்பு சுட்டால் எனக்கு அந்தக் கொடுக்காத சேவல்தான் ஞாபகம் வரும். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் பூசைப் பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு ஒருநாள் போனேன். கோடாங்கி இறந்து, வீடு பூட்டிக் கிடந்தது. குடும்பம் மலைக்குப் போய்விட்டதாம். எந்த எஸ்டேட் என்று யாருக்கும் தெரியவில்லை. பாக்கி நாற்பது ரூபாய்.