அத்தானின் மடக்குக் கத்தி

என் அக்கா புருஷனுக்கு பஸ் டிப்போவில் வேலை. ஓட்டுகிற வேலை இல்லை, சீட் தைக்கிற வேலை. கிழிந்த ரெக்சினை உரித்து, நசுங்கிப்போன ஃபோமை மாற்றி, புது ரெக்சினை இழுத்துத் தைத்து மறுபடி பஸ்ஸில் மாட்டுவார். மறுவாரமே எவனாவது அதைக் கீறி வைப்பான். "பரவாயில்ல, அவன் கீறலைன்னா எனக்கு ஏது வேலை" என்பார் அத்தான். கோபமே வராத மனிதர். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் கடவுள் என்னை இந்தக் குடும்பத்தில் பிறக்க வைத்திருக்க வேண்டும்.

டிப்போவில் அவருக்கு 'மடக்கு' என்று பெயர். அவருடைய கால்சட்டைப் பையில் எப்போதும் கிடக்கும் மடக்குக் கத்திதான் காரணம். மடக்கினால் ஆள்காட்டி விரல் நீளம்கூட வராது. இரண்டு பக்கமும் பழுப்பு மரம், நடுவில் ஒரே ஒரு அலகு. ரெக்சின் வெட்ட டிப்போவிலேயே பெரிய கத்திகள் உண்டு. இது வேலைக்கானது இல்லை, மற்ற எல்லாவற்றுக்குமானது. சட்டையில் தொங்கும் நூல், பல்லால் கடித்தும் பிரியாத பிஸ்கட் பாக்கெட், மூக்குக் கண்ணாடியில் கழன்ற திருகு, பார்சலின் டேப். யாருக்கு எது சிக்கிக்கொண்டாலும் "மடக்கைக் கூப்பிடு" என்பார்கள். அவரும் முகமெல்லாம் பல்லாக ஓடுவார். உதவி செய்வதைவிட அதை வெளியே எடுக்க ஒரு சாக்கு கிடைத்ததில்தான் மனிதருக்குச் சந்தோஷம் என்று நான் கேலி செய்வேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டீ கப்பைக் கவிழ்த்து, அடியில் இருக்கும் சொரசொரப்பான விளிம்பில் அதைத் தீட்டுவார். மடிகிற இடத்தில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுவார். பிறகு பழைய பேப்பரின் ஓரத்தைச் சீவிப் பார்த்துத் தனக்குத்தானே தலையாட்டிக்கொள்வார்.

"அப்படி என்னதான் இருக்கு அத்தான் அதுல?" என்று ஒருமுறை கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தார். "பைக்குள்ள கையை விட்டா அது இருக்கும்ல, அதான். என்ன வந்தாலும் ஏதாவது பண்ணிடலாம்னு ஒரு தைரியம்."

அப்படி ஏதாவது பண்ணிவிட முடியாத ஒன்று அவர் வீட்டுக்குள்ளேயே வந்தது. அக்காவுக்கு முதலில் தூக்கம் போயிற்று. பிறகு பேச்சு குறைந்தது. பள்ளிக்கூட அலுவலக வேலையை விட்டாள், தலை வாருவதை விட்டாள், போனை எடுப்பதை விட்டாள். சோம்பல் என்று நினைத்தவர்கள் உண்டு, அவர்களோடு நான் மல்லுக்கு நின்றதும் உண்டு. ஒருநாள் அவள் தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டாள். அதை விவரிக்க எனக்கு மனமில்லை. பிழைத்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார்: "வீட்டுல கூர்மையா ஒண்ணும் இருக்கக் கூடாது. மாத்திரை உங்க கையில இருக்கட்டும். முக்கியமா, அவங்க எப்படி இருக்காங்கன்னு அவங்களே சொல்லட்டும். நீங்களா முடிவு பண்ணிடாதீங்க."

அத்தான் அன்றைக்கே வீட்டைத் துடைத்து எடுத்துவிட்டார். அடுப்படிக் கத்திகள், கத்தரிக்கோல், தோல் சீவி, சவர பிளேடு, நகவெட்டி, பென்சில் திருகி வரைக்கும் போயிற்று. குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றினார். எல்லாவற்றையும் ஒரு கோணியில் போட்டு, வாயைக் கயிற்றால் இறுகக் கட்டி, அக்காவின் கண்ணெதிரிலேயே கயிற்றின் மீதி நுனியைத் தன் மடக்குக் கத்தியால் நறுக்கினார். கத்தியை மடக்கிப் பையில் போட்டுக்கொண்டார். கோணியைத் தோளில் தூக்கிவந்து என் வீட்டுப் பரணில் வைத்துவிட்டு, "இப்பதான் நிம்மதி" என்றார்.

இதை எண்ணி எண்ணி நான் பின்னால் எத்தனை முறை தலையில் அடித்துக்கொண்டேன் தெரியுமா? ஆனால் அவர் பொய் சொல்லவில்லை. பல வருடமாகப் பையிலேயே கிடந்து கிடந்து அது அவருக்குக் கத்தியாகவே தோன்றாமல் போயிருந்தது. கைவிரலை யாராவது கழற்றிக் கோணியில் போடுவார்களா? தினமும் சாயங்காலம் அந்தக் கால்சட்டையைக் கழற்றிக் குளியலறைக் கதவுக்குப் பின்னால் இருந்த கொக்கியில் மாட்டுவார். கத்தி அதற்குள்தான்.

அதன்பின் அந்த வீட்டுச் சமையலைச் சொன்னால் சிரிப்பீர்கள். பீன்ஸைக் கையால் ஒடிப்பார். தக்காளியைப் பிசைவார். வெங்காயத்தை நான் என் வீட்டில் நறுக்கி டப்பாவில் கொண்டுபோவேன். சவரத்துக்குச் சலூன். அக்காகூட ஒருநாள் லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு அத்தான் தெருவெல்லாம் சொன்னார். "அவளுக்குத் தேவலை" என்றார். பகலில் நானும் அவரும் மாறி மாறி இருந்ததை அவரே குறைத்தார். அவர் டிப்போவுக்குக் கிளம்பிய பிறகு நான் மதியம் வரும்வரை அக்கா தனியாக இருக்க ஆரம்பித்தாள். எனக்குப் பிடிக்கவில்லை. சண்டை போட்டேன். "எதுக்குடி பயப்படற, வீட்டுல ஒரு குண்டூசி கிடையாது" என்று சமாதானம் சொன்னார்.

ஒருநாள் காலை டிப்போவில் நூல் நுனியை நறுக்கப் பையில் கையை விட்டார். கத்தி இல்லை. முந்தின நாள் ஒரு சீட்டுக்குள் ஃபோமோடு சேர்த்து வைத்துத் தைத்துவிட்டோமோ என்றுதான் முதலில் பயந்திருக்கிறார். பயணி யாராவது உட்கார்ந்து குத்திவிட்டால்? தான் தைத்த சீட்டுகளைத் தானே பிரித்துப் போட்டார். ஃபோமுக்குள் கையை விட்டுத் துழாவினார். ஒரு பஸ் கிளம்பிப் போயிருந்தது. அதைத் திரும்பக் கூப்பிடச் சொல்லி மேலாளரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தபோது மெக்கானிக் சொன்னார்: "ஏன்யா இந்த அலை அலையறே? வீட்டுலயே விட்டுட்டு வந்திருப்ப."

வீடு. அந்த நிமிஷத்தில்தான் அது கத்தி என்பது அவர் மண்டையில் ஏறியிருக்கிறது.

அக்காவுக்கு போன் போட்டார். எடுக்கவில்லை. எனக்குப் போட்டார். "கத்தி... என் கத்தி... ஓடு, அவகிட்ட ஓடு" என்றார். நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடை அக்கா வீட்டுக்கு அடுத்த தெருவில்தான். செருப்புகூடப் போடாமல் ஓடினேன். படியேறும்போது வாய்க்கு வந்தபடி அவரைத் திட்டிக்கொண்டே ஏறினேன். திட்டுவதை நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று இருந்தது.

அக்கா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தாள். உடம்பில் ஒரு கீறலும் இல்லை. இரண்டு கைகளையும் சேர்த்து மேஜைமேல் அழுத்தி வைத்திருந்தாள். விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தது. உள்ளே என்ன என்று நான் கேட்கத் தேவையில்லை.

"குடு அக்கா" என்றேன்.

"அவர் வரட்டும்."

பக்கத்தில் உட்கார்ந்து அவள் மணிக்கட்டுகளைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. அத்தான் வந்து சேர்ந்தபோது சட்டை முழுக்க ஃபோம் தூள். கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். அக்கா கைகளை விரித்தாள். மடக்கிய கத்தியை மேஜைமேல் அவர் பக்கமாகத் தள்ளினாள். நான் சட்டென்று எடுத்துக்கொண்டேன்.

அத்தானுக்குக் கண்ணீர் கொட்டியது. ஆனாலும் அந்த முகத்தில் சிரிப்பு. "பாத்தியா, நீயே எடுத்துக் குடுத்துட்ட. நான்தான் சொன்னேனே! உனக்குச் சரியாயிடுச்சும்மா, சரியாயிடுச்சு."

"அப்படிச் சொல்லாதீங்க" என்றாள் அக்கா.

அவள் அவ்வளவு உரக்கப் பேசி நான் கேட்டு மாதக்கணக்காயிற்று.

"கட்டின கயித்த நீங்க நறுக்கின அன்னைக்கே பாத்தேன். தினமும் அது அந்தக் கொக்கியில தொங்கறது எனக்குத் தெரியும். நேத்து சாயங்காலம் எடுத்தேன். அதுலேர்ந்து மூடியே வச்சிருக்கேன். திறக்காம இருக்கறதைத் தவிர வேற எதுவும் செய்யல நான். சாப்பிடல, படுக்கல. நீங்க கேட்டப்ப 'பரவாயில்ல'ன்னு சொன்னேன். நீங்க ஆசையா கேட்டீங்க, அதனால சொன்னேன். எனக்குப் பரவாயில்ல இல்லைங்க. இன்னொரு நாள் இப்படி என்னால உக்கார முடியாது. என்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க."

அத்தானின் சிரிப்பு நின்றது. அக்காவின் செருப்பைத் தேடி எடுத்துவந்தார். தரையில் உட்கார்ந்து, அவள் காலை மடியில் வைத்து அதை மாட்டிவிட்டார்.