எண் போடாத ஃபைல்

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஏதோ அவசரத்தில் போட்ட கையெழுத்து அல்ல. பொய் என்று நன்றாகத் தெரிந்தே போட்டேன். போர்ட் பிளேரில் எங்கள் வானொலி நிலையத்து அலமாரியில் அந்தத் தாள் இன்னும் கிடக்கும்.

மெயின்லேண்டிலிருந்து வீடியோ வழியாக மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். நாங்கள் ஒன்பது பேர் ஒரே திரையின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். பாதி நேரம் இணைப்பு அறுந்துவிடும். மீதி நேரம் பயிற்சி கொடுப்பவர் வேகவேகமாக இந்தியில் பேசிக்கொண்டே போவார். ஒவ்வொரு பாடம் முடிந்ததும் புரிந்ததா என்று கேட்பார்: "சமஜ் கயே?" "சமஜ் கயே சார்" என்று ஒன்பது பேரும் ஒரே குரலில் சொல்வோம். எல்லாரும் மைக்கில் பேசிப் பழகியவர்கள், அதனால் பொய்கூட கணீரென்று வந்தது. எங்களில் ஒருவருக்கு மவுஸ் மேசை விளிம்புக்கு வந்துவிட்டால் அதற்கு மேல் எங்கே நகர்த்துவது என்று தெரியவில்லை. அவரைப் பார்த்து நான் வாய்விட்டுச் சிரித்தேன். எனக்கும் அது தெரியாது என்பதை மறைக்க வேறு வழி இருக்கவில்லை.

கடைசி நாள் ஒரு தாள் வந்தது. பிறர் உதவியில்லாமல் மெயில் பார்ப்பேன், ஃபைல் எடுப்பேன், ஒலிப்பதிவைச் சேமிப்பேன் என்று அதில் எழுதியிருந்தது. எனக்கு முன்னால் ஐந்து கையெழுத்து. இருபது வருஷம் தமிழ் அறிவிப்பாளராக இருந்தவள், ஆறாவதாக எழுந்து நின்று "எனக்குப் புரியவில்லை" என்று சொல்வேனா? போட்டுவிட்டேன்.

உண்மையில் எங்கள் எல்லாருடைய மெயிலையும் பார்த்தவர் ஒரே ஒருவர்தான். டியூட்டி அறையில் இருந்த வங்காளி. அவரை நான் வங்காள வழக்கப்படி அண்ணன் என்று 'தாதா' என்பேன், அவர் என்னை அக்கா என்று 'தீதி' என்பார். யார் மூத்தவர் என்று இருவரும் விசாரித்துக்கொண்டதில்லை. தினமும் காலையில் கப்பல் நேரங்கள் மெயிலில் வரும். தாதா அதைக் காகிதத்தில் அச்செடுத்து என் மேசையில் வைப்பார். நான் தமிழில் எழுதி வாசிப்பேன். முந்தின நாள் ஃபைலை அவர் தினமும் காலையில் அழித்துவிடுவார் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. காகிதம் வந்தது, வாசித்தேன், அவ்வளவுதான்.

கப்பல் நேரம் என்றால் இந்தத் தீவுகளில் சும்மா இல்லை. காற்று கொஞ்சம் மாறினால் நேரம் மாறும். தெற்கே நிகோபார் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு கப்பலை விட்டால் அடுத்தது எப்போது என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. என் அப்பாவும் அம்மாவும் அங்கேதான், கச்சாலில் இருந்தார்கள். இலங்கை மலைத் தோட்டத்தில் பிறந்து, இளம் வயதில் கப்பலேறி வந்து, கச்சால் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியே காலத்தைக் கழித்தவர்கள்.

அப்பாவுக்குப் போன் பிடிக்காது. சிக்னல் வந்தால் வந்தது, இல்லாவிட்டால் இல்லை என்ற அந்தச் சாமானை எப்படி நம்புவது என்பார். ரேடியோவைத் தண்ணீர் டிரம்மின் மேல் வைத்து, நான் பேசும் நேரத்துக்குச் சத்தத்தைக் கூட்டுவார். பக்கத்து வீட்டுக்காரர்கள் போனில் கப்பல் சேதி வந்திருப்பதாகச் சொன்னால், "ரேடியோவுல வந்துச்சா? என் மக சொல்லட்டும்" என்பாராம். ஊரில் அது ஒரு கேலியாகவே ஆகிப்போனது. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருக்கும். பொய் சொல்வானேன், அந்தப் பெருமைக்காகவே சில நாள் காய்ச்சலோடு போய் வாசித்திருக்கிறேன்.

அம்மாவுக்கு மூச்சுத்திணறல் அதிகமானபோது நான்தான் போய் போர்ட் பிளேருக்கு அழைத்து வந்தேன். ஆடுகளை யாரிடமாவது விட்டுவிட்டு அடுத்த கப்பலில் வருவதாக அப்பா சொன்னார். கப்பல் ஏறும் துறையான ஜெட்டியில் நின்று அம்மாவிடம், "பயப்படாத, நாலஞ்சு நாள்ல வந்துருவேன்" என்றார். ஆஸ்பத்திரி வார்டில் அம்மாவுக்குக் குளிர் தாங்கவில்லை. இலங்கைத் தோட்டத்திலிருந்து கொண்டுவந்த பழைய கம்பளி ஒன்று உண்டு, அதை அப்பாவிடம் எடுத்து வரச் சொல் என்றாள். கடையில் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தேன். காலடியில் மடித்து வைத்துக்கொண்டாள், போர்த்தவில்லை.

அப்பா வர வேண்டிய கப்பலுக்கு முந்தின நாள். கச்சாலிலிருந்து மறுநாள் மாலை நான்கு மணிக்குப் புறப்படும் என்று காலையில் காகிதம் வந்தது. மதியம் வாசித்தேன். மகளின் பள்ளிக்கூட வேலை என்று தாதா மதியமே கிளம்பிவிட்டார். மாலை ஐந்து மணிக்குக் கப்பல் அலுவலகத்திலிருந்து போன். நேரத்தைத் திருத்தி மெயில் அனுப்பியிருக்கிறோம், பார்த்து வாசியுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

தாதாவின் நாற்காலியில் உட்கார்ந்தேன். மேசைக் கண்ணாடிக்கு அடியில், காளி படத்துக்குப் பக்கத்தில், பாஸ்வேர்டு எழுதிய சீட்டு இருந்தது. நான்காவது தடவையில் மெயில் திறந்தது. அம்புக்குறியை அழுத்தினேன், ஏதோ இறங்கியது. எங்கே இறங்கியது என்று தேடிப் பிடிக்கவே பத்து நிமிஷம் ஆனது. அங்கே ஒரே பெயரில் இரண்டு ஃபைல்கள் இருந்தன. ஒன்றில் வெறும் பெயர். மற்றதில் பெயருக்குப் பின்னால், அடைப்புக்குறிக்குள் ஒன்று என்ற எண்.

எங்கள் அலுவலகத்தில் கார்பன் வைத்து எழுதிய காலத்தில் ஒரு பழக்கம் இருந்தது. அசல் தாளில் எண் போட மாட்டோம். நகல்களின் மூலையில்தான் பென்சிலால் ஒன்று, இரண்டு என்று போடுவோம். வாசிப்பது எப்போதும் அசலைத்தான். மை மங்கிய நகலை மைக்குக்கு எடுத்துப் போனால் திட்டு விழும். அதனால் நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை. எண் போடாததே அசல் என்று அதைத் திறந்தேன். அது காலையில் வந்தது. எண் போட்டதுதான் திருத்தியது. ஒரே பெயரில் இன்னொன்று வந்தால் கம்ப்யூட்டர் தானாக எண் போட்டுக்கொள்ளும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? அந்த மூன்று நாளில் சொல்லியிருப்பார்கள். நான்தான் சமஜ் கயே சொல்லிக்கொண்டிருந்தேன்.

திறந்த ஃபைலில் மாலை நான்கு மணி என்றே இருந்தது. அப்படியானால் எதைத் திருத்தினார்கள் என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. கப்பல் அலுவலகத்தைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். மெயிலில்தானே இருக்கிறது, பார்க்கத் தெரியாதா என்பார்கள். தாதாவைக் கூப்பிட்டிருக்கலாம். பத்து நாள் முன்னால்தான் அவர் கண் முன்னே அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டிருந்தேன். போனைக் கையில் எடுத்தேன், வைத்துவிட்டேன். தப்பான ஃபைலைத் திறந்ததற்காக என்னை நான் என்றோ மன்னித்திருப்பேன். அந்தப் போனைக் கீழே வைத்ததற்குத்தான் மன்னிப்பே இல்லை.

ஆறு மணிக்கு வாசித்தேன். அப்பா வரப்போகிற கப்பல் என்பதால் சந்தோஷமாகவே வாசித்தேன். கச்சால் என்ற பெயரை இரண்டு தடவை சொன்னேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தாதா என்னைக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டார், "தீதி, நேத்து எந்த ஃபைல் படிச்சீங்க?" எண் போட்ட ஃபைல் திரையில் திறந்திருந்தது. கடல் கொந்தளிப்பு எதிர்பார்ப்பதால் கப்பல் காலை ஏழு மணிக்கே புறப்படும் என்று அதில் இருந்தது. அப்போது மணி பத்து. கச்சாலில் பக்கத்து வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன், போட்டுக்கொண்டே இருந்தேன். லைன் கிடைக்கவில்லை. தாதா என் முகத்தைப் பார்க்காமல் இரண்டு ஃபைல்களையும் அழித்தார். பதிவேட்டில் நான்தான் எழுதினேன்: திருத்தம் தாமதமாகக் கிடைத்தது.

அங்கே நடந்ததைப் பக்கத்து வீட்டுக்காரர் பிறகு சொல்லித் தெரிந்துகொண்டேன். முந்தின நாள் இரவே அவர் போனில் சேதி வந்திருக்கிறது. அப்பாவிடம் போய், "மாமா, கப்பல் காலையிலயே போயிருதாம், கிளம்புங்க" என்று சொல்லியிருக்கிறார். அப்பா, "என் மக இப்பத்தானே சொன்னா, நாலு மணின்னு ரெண்டு வாட்டி சொன்னா. ஒம் போனு சொல்றத நான் நம்பவா?" என்றாராம். விடிந்ததும் அவர் இன்னொரு தடவை போய்ச் சொல்ல, அப்பா கோபித்துக்கொண்டாராம். மதியம் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, கம்பளியைப் பையில் வைத்துக்கொண்டு ஜெட்டிக்குப் போனார். ஜெட்டியில் யாரும் இல்லை.

அம்மா இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்பா வந்துட்டாரா?" என்பாள். கப்பல் லேட் என்றேன். "நீதானே ரேடியோவுல சொல்லுற, ஒனக்குத் தெரியாதா?" என்று சிரிக்கப் பார்த்தாள். ஹெலிகாப்டரில் இடம் கேட்டு அலைந்தேன், கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் காலை அம்மா போய்விட்டாள். அடுத்த கப்பல் எப்போது என்று யாருக்கும் தெரியாததால் காத்திருக்கவும் வழியில்லை. அப்பா இல்லாமலே எல்லாம் முடிந்தது.

ஆறாம் நாள் போர்ட் பிளேர் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் அவரை அழைக்கப் போனேன். அதற்குள் அவருக்குச் சேதி போயிருந்தது. கப்பலிலிருந்து இறங்கி என் எதிரே நின்றார். அழவில்லை. "நீ சொன்ன டைமுக்குத்தான் புள்ள போனேன். கப்பக்காரன் மாத்திப்புட்டான்" என்றார். அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். "ஆமாப்பா, எங்களுக்கே லேட்டாத்தான் சொன்னாங்க" என்றேன். அவர் தலையாட்டினார். கம்பளிப் பையை என்னிடம் கொடுக்காமல் தானே தூக்கிக்கொண்டு நடந்தார்.

அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டேன். ஜங்லிகாட்டில் என் வீட்டுக்குப் பக்கத்திலேயே, ஸ்கூட்டர் பழுதுபார்க்கும் கடைக்கு மாடியில் ஒரு பெண் வகுப்பு நடத்துகிறாள். முதல் நாளே அவளிடம் சொல்லிவிட்டேன், எனக்கு எதுவும் புரியாது, நான் புரிந்தது என்றாலும் நம்பாதே என்று. வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். மூன்று மாதத்தில் எல்லாம் வந்துவிட்டது. இவ்வளவுதானா, இதற்காகவா வெட்கப்பட்டேன்? இப்போது திருத்தம் வந்தால் அனுப்பியவரைக் கூப்பிட்டு, ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் மைக் முன் உட்காருகிறேன். அம்மாவுக்கு அதனால் என்ன?

அப்பா கச்சாலுக்கே திரும்பிப் போய்விட்டார். அம்மாவின் திதிக்கு வருஷம் ஒரு தடவை வருவார். இந்த வருஷம் அவரோடு பக்கத்து வீட்டுக்காரரும் ஏதோ ஆபீஸ் வேலையாக வந்தார். ஃபீனிக்ஸ் பேயில் இறங்கியதும் அப்பா தண்ணீர் குடிக்கப் போக, அவர் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

"ஒங்க அப்பாவோட வாறது பெரிய கஷ்டம்க்கா. நாலு மணி கப்பலுக்கு விடியக்காலையிலயே ஜெட்டியில வந்து குந்திக்கிறாரு. சோறு தண்ணி இல்ல. மாமி போனதுலேர்ந்து எப்பவும் இப்படித்தான்."

"ரேடியோ கேக்குறதில்லையா?" என்றேன்.

"கேக்காம என்னா? ஒரு நாள் விடுறதில்ல. நீங்க டைம் சொன்னா எங்களுக்கெல்லாம் வந்து சொல்லுவாரு. இந்த வாட்டியும் பாருங்க, நீங்க நாலு மணின்னு சொன்னீங்க, கப்பல் டான்னு நாலு மணிக்கு எடுத்தான். இவரு மட்டும் காலையில அஞ்சு மணிக்கே போயிட்டாரு. கேட்டா, சும்மா காத்து வாங்குறேன்கிறாரு."

தப்பு என்னுடையது என்று அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. எப்போதிருந்து தெரியும், யார் சொன்னார்கள், இல்லை அன்றைக்கு இதே ஜெட்டியில் என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டதா, எதுவும் எனக்குத் தெரியாது. ஊராருக்கு முன்னால் என் நேரத்தைச் சொல்லிவிட்டு, தான் மட்டும் அதை நம்பாமல் இத்தனை வருஷம் போய் உட்கார்ந்திருக்கிறார்.

பக்கத்து வீட்டுக்காரர் தன் வேலைக்குப் போனதும் அப்பாவும் நானும் ஆட்டோவில் ஏறினோம். அப்பா பையை மடியில் வைத்திருந்தார். வீட்டுச் சந்து திரும்பும்போது என்னால் முடியவில்லை, கேட்டுவிட்டேன்.

"அப்பா, நேத்து கச்சால் ஜெட்டிக்கு எத்தன மணிக்குப் போனீங்க?"

அவர் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார், "நீ சொன்ன டைமுக்குத்தான் புள்ள."